நான் எழுதாமல் விட்ட மூன்றாம் பக்கம்

இதை எழுதத் தொடங்கும்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் தவறிய பிறகு வீட்டோடு நின்றவள் நான். சட்டத்தைப் பற்றிச் சொல்ல ஊரில் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். தொழிற்சங்கத்தைப் பற்றிச் சொல்ல அதற்காக அலைந்து செருப்புத் தேய்ந்தவர்கள் இருக்கிறார்கள். நான் இரண்டிலும் சேராதவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் நன்றி சொல்ல வேண்டிய சிலருக்கு அந்த நாக்கால் சொல்லாமலே இருந்துவிட்டேன். எழுத்து மட்டும்தான் எனக்குக் கொஞ்சம் கைவரும். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் கல்முனையில், பிரதான வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஓர் ஒழுங்கையில் இருந்தோம். என் கணவர் நெற்களஞ்சியம் ஒன்றில் நெல் நிறுப்பவர். அதோடு சங்கத்தின் கிளைச் செயலாளர். எங்கள் பக்கத்தில் ஏழு வேலைத்தலங்களில் சங்கத்துக்கு ஆட்கள் இருந்தார்கள். அரிசி மில், பேக்கரி, மரம் விற்கும் மரக்காலை, சேட்டுத் தைக்கும் காமண்ட், இப்படி. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பிரதிநிதி. வேலை செய்பவருக்கு ஒரு பிரச்சினை என்றால் முதலில் போய் நிற்பது அந்தப் பிரதிநிதியிடம்தான். அவருக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் முதலாளி சொல்வது சட்டமாகிவிடும்.

அதற்காகக் கொழும்பிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சட்டக் குறிப்பு என்று நாலு தாள் வரும். ரோனியோ மெசினில் உருட்டி எடுத்தது. தமிழில் ஒரே ஒரு பிரதி. ஏழு பேருக்கும் அது போதாது. போட்டோகொப்பிக் கடைக்குப் போனால், கடை திறந்திருக்கும் நாளில் கரண்ட் இருக்காது, கரண்ட் இருக்கும் நாளில் கடை பூட்டியிருக்கும். போதாததற்கு வீதியில் இராணுவச் சோதனைச் சாவடிகள். ஒருமுறை பேக்கரிப் பிரதிநிதியின் சட்டைப் பையிலிருந்து ரோனியோ தாள் ஒன்றை எடுத்து, அது என்ன துண்டுப் பிரசுரம் என்று கேட்டு அவரை இரண்டு மணித்தியாலம் வெயிலில் நிறுத்திவிட்டார்கள். அந்தத் தாளில் இருந்தது சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் ஊழியர் சேமலாப நிதியைப் பற்றி. அதை எடுத்துச் சொல்ல அவருக்குச் சிங்களம் வரவில்லை, கேட்டவருக்குத் தமிழ் வரவில்லை.

அன்று வந்து யோசித்தவர் என் கணவர்தான். பள்ளிக்கூடக் கொப்பி ஏழு வாங்கி வந்தார். காக்கித்தாள் உறை போட்டு, மேலே 'சமூகக்கல்வி' என்று எழுதச் சொன்னார். பிள்ளையின் கொப்பியென்றால் யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. அது சரியாகவே இருந்தது. அவருடைய கையெழுத்துக் கோழி கிளறினது போல இருக்கும் என்பதால், எழுதும் வேலை என்னிடம் வந்தது.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுச் சமைக்கிற குசினிக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்தால் பொழுதுபட்டு மஃரிபு வருவதற்குள் ஒரு கொப்பிக்கு ஒரு குறிப்பை எழுதிவிடலாம். ஏழு நாளில் ஏழு கொப்பி. சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, தலைப்பைப் பெரிதாக எழுதி, முக்கியமான வரிக்குக் கீழே கோடிடுவேன். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. 'சேவை முடிவுறுத்தல்' என்றால் ஆளை நிறுத்துவது என்று தெரியவே ஒரு மாதம் சென்றது. பிறகு விளங்கத் தொடங்கியது. ஏழுமுறை எழுதினால் எதுவும் மனத்தில் பதிந்துவிடும். கொழும்பில் அந்தக் குறிப்பைத் தமிழில் எழுதியவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சின்னச் சின்ன வசனங்களாக, என்னைப் போன்றவளும் விளங்கிக்கொள்ளும்படி எழுதியிருந்தார். அவருக்கும் என் நன்றி.

ஒருமுறை, அரசாங்கத்தின் சம்பளச் சபை வைத்த சம்பளம் ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று இல்லை, ஒரே வேலைக்கு ஒரே சம்பளம்தான் என்று குறிப்பில் வந்தது. அரிசி மில்லில் நெல் காயப்போடும் பெண்களுக்குக் குறைத்துத்தான் கொடுத்து வந்தார்கள். மில் பிரதிநிதி வயதான மனிதர், யாரோடும் சத்தம் போட்டுப் பேசாதவர். கொப்பியைக் கொண்டுபோய் முதலாளியின் மேசையில் விரித்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றாராம். முதலாளி படித்துவிட்டு, "இது ஆர்ட எழுத்து? நல்லா இரிக்கே" என்று மட்டும் கேட்டாராம். அடுத்த மாதம் சம்பளம் சரியாக வந்தது. என் கணவர் இதை இரவுச் சாப்பாட்டில் சொன்னார். நான் மீனை அவருடைய சோற்றுக் கோப்பையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டேன். ஆனால் ஒரு கிழமைக்கு எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

அந்தச் சந்தோசத்தில்தான் ஒரு கெட்டதும் ஒளிந்திருந்தது. எழுத்து யாருடையது என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது.

அதற்கடுத்த குறிப்பில் நாலு பக்கம். முதலாவது சேமலாப நிதி. இரண்டாவது மேலதிக நேரம். நாலாவது வருடாந்த லீவு. மூன்றாவது பக்கம் முழுக்கப் பெண்களைப் பற்றியது. பிரசவ லீவு, வயிற்றுப் பிள்ளைக்காரியை அதற்காக வேலையால் நிறுத்தக் கூடாது என்பது, கருச்சிதைவு, பிறகு தாய்ப்பால் கொடுப்பதற்கான இடைவேளை. நான் சிவப்புப் பேனாவை எடுத்துக் கோடு போட்டேன். தலைப்பை எழுதப் போனேன். கை ஓடவில்லை.

ஏழு கொப்பியும் ஏழு ஆண்களின் கைக்குப் போகிறவை. ஏழு பேருக்கும் அது என் எழுத்தென்று தெரியும். அதிலும் பேக்கரிப் பிரதிநிதி என் மாமாவின் மகன், எனக்கு மச்சான் முறை, அவருக்கு நான் மச்சி. கேலிக்கென்றே பிறந்த மனுசன். ஒரு கலியாண வீட்டில் நான் பாயில் தடுக்கி விழுந்ததைப் பத்து வருசமாகச் சொல்லிச் சிரிக்கிறவர். 'பால்' என்றும் 'மார்பு' என்றும் என் கையால் எழுதி அவரிடம் கொடுத்தால் அடுத்த பெருநாள்வரை அவருக்கு வேறு கதை தேவைப்படாது.

அந்தப் பக்கத்தை விட்டுவிட்டேன். ஒரு கொப்பியில் அல்ல, ஏழிலும். விட்டதோடு நிற்கவில்லை. நாலாம் பக்கத்துக்கு மூன்று என்று இலக்கம் போட்டேன். யாரும் தேடக் கூடாது என்றுதானே அப்படிச் செய்தேன். ரோனியோ தாளை ட்ரங்குப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன். என் கணவர் எதையும் சரிபார்க்கிறவரல்ல. என்னை அவ்வளவு நம்பினார்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், காமண்டில் வேலை செய்யும் ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை, என்னைவிடப் பத்து வயது இளையவள். அவளுடைய புருசன் மேசன் வேலை செய்தவர், சாரம் சரிந்து விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையில் இருந்தார். வீட்டில் உழைப்பது அவள் ஒருத்திதான். அவள் விறாந்தைக் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். என் கணவர் எதிரே இருந்தார். எங்கள் ஆட்கள் அண்ணனைக் காக்கா என்றும் அக்காவை ராத்தா என்றும் கூப்பிடுவார்கள். நான் உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்றேன்.

"காக்கா, மூணு வோர்னிங் லெட்டர் தந்திட்டாங்க. சனிக்கிழமை விசாரணையாம். நிப்பாட்டிப் போடுவாங்க எண்டுதான் எல்லாரும் சொல்றாங்க."

"என்னத்துக்குத் தங்கச்சி?"

"இடைக்குள்ள கேற்றால வெளிய போய் வந்த எண்டு. திரும்பி வர முக்கா மணி, ஒரு மணி சுணங்கிப் போச்சி."

"ஏன் போன?"

"வயித்து வலி காக்கா. மருந்தெடுக்கப் போன. அப்பிடி இடைக்குள்ள போய் வரச் சட்டம் ஏதும் இரிக்கா?"

"மருந்துக்கெண்டா டொக்டர்ட துண்டுக் கடுதாசி வேணும். துண்டு இரிக்கா?"

"இல்ல."

"உங்கட பிரதிநிதி என்ன சொல்றார்?"

"மெக்கானிக் அண்ணன்தானே. மன்னிப்புக் கடிதம் எழுதித் தாங்க, கெஞ்சிப் பாப்பம் எண்டார்."

"அவர் சொல்றதும் சரிதான். குறிப்பு வந்ததெல்லாம் நானும் பாத்த. இதுக்கெண்டு ஒண்டும் வரல்ல."

என் கணவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது என் கொப்பியை.

அவள் எழும்பினாள். அப்போதுதான் கவனித்தேன். முந்தானையை இழுத்து இழுத்து முன்னால் மூடினாள். அதற்குள்ளும் சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது தெரிந்தது. மூன்று பிள்ளை பெற்ற எனக்கு அது என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவளுக்கு ஐந்து மாதத்தில் ஒரு கைப்பிள்ளை இருப்பதும் எனக்குத் தெரியும். வயிற்று வலியும் இல்லை, மருந்தும் இல்லை. அவள் வீட்டுக்குப் பால் கொடுக்க ஓடியிருக்கிறாள்.

அவள் போனதும் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். மை மங்கியிருந்தது, ஆனால் படிக்கலாம். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு, ஒன்பது மணித்தியால வேலைக்குள் இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும். பிள்ளைகளை வைத்துக்கொள்ள வேலைத்தலத்தில் இடமிருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இடமில்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம், அதற்குக் குறையக் கூடாது. சாப்பாட்டு நேரத்தை இதில் கழிக்க முடியாது. அடியில் ஒரு வரி: 'பிரதிநிதிகள் இதை ஒவ்வொரு பெண் உறுப்பினருக்கும் சொல்ல வேண்டும்.'

அன்று நான் கணவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பயம் அல்ல. அவர் ஏசுகிறவரல்ல. வெட்கம்தான்.

புதன்கிழமை அவள் வேலை முடிந்து வந்திருப்பாள் என்று பார்த்து அவளுடைய வீட்டுக்குப் போனேன். புருசன் உள்ளே பாயில் படுத்திருந்தார். அவளுடைய மாமி முற்றத்தில் பிள்ளையின் துணிகளை அலசிக்கொண்டிருந்தார். "டின் பால் குடுத்தா துப்புது, மிச்சம் வயித்தால போகுது" என்றார் என்னைப் பார்த்ததும், நான் ஏதோ அதைக் கேட்க வந்தவள் போல. அவள் குசினியில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் குந்தினேன். சொல்ல வந்ததைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. பிள்ளை ஒரு பக்கம் குடித்து முடித்து மறுபக்கம் மாறிவிட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். சட்டம் இருக்கிறது, கையில் கிடைத்தது, வெட்கப்பட்டு நான்தான் மறைத்தேன் என்று.

அவள் என்னை ஏசுவாள் என்று பார்த்திருந்தேன். அவளோ தலையைக் குனிந்து சிரித்தாள்.

"நீங்க எழுத வெக்கப்பட்டீங்க ராத்தா. நான் சொல்ல வெக்கப்பட்ட. மெக்கானிக் அண்ணன் மூணு தரம் கேட்டார், என்ன தங்கச்சி பிரச்சினை, உள்ளதச் சொல்லுங்க எண்டு. ஒரு ஆம்பிளைக்கிட்ட எப்பிடிச் சொல்ற? வயித்து வலி எண்டன். உங்கட வீட்டு காக்காக்கிட்டயும் அதையே சொன்ன. அந்த மனிசன் என்ன செய்வார், பாவம். எனக்கு டொக்டர்ட துண்டு எடுக்க ஓடித் திரியிறார்."

அந்த மெக்கானிக் காரைதீவைச் சேர்ந்த தமிழர். காமண்டில் இருந்த பெண்களில் யாரும் ஆண்களோடு கூட்டத்துக்கு வரச் சம்மதிக்காததால், மெசின் திருத்தும் அவரையே பிரதிநிதியாக வைத்திருந்தார்கள். நூறு பெண்களுக்கு ஓர் ஆண். அவர் படிக்க வேண்டிய பக்கத்தை ஒரு பெண் மறைத்தாள், அவர் கேட்க வேண்டிய வார்த்தையை இன்னொரு பெண் விழுங்கினாள். நடுவில் நின்ற மனிதருக்கு ஒன்றும் தெரியாது.

"இப்ப மாத்திச் சொன்னா பொய்க்காரி எண்டு நிப்பாட்டுவாங்க ராத்தா" என்றாள். சிரிப்பு போய்விட்டது. "இந்த வேல போனா எங்களுக்கு வேற வழியில்ல."

வியாழக்கிழமை மத்தியானம் கணவர் சாப்பிட வந்தபோது தாளை அவருடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் கை கழுவிவிட்டு எடுத்தார். கண்ணாடியைப் போட்டார். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"இது எப்ப வந்த?"

"முந்தின குறிப்போட."

"கொப்பில இல்லையே."

"நான் எழுதல்ல. ஏழு ஆம்பிளைகள்ர கைக்குப் போறது. என்னெண்டு எழுதுற?"

அவர் சாப்பிடத் தொடங்கினார். பாதிச் சோற்றில் இடது கையால் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். அது எனக்கு ஏச்சைவிடப் பெரிதாக இருந்தது. பிறகு சொன்னார், "பிழை உன்னில மட்டும் இல்ல. செயலாளர் நான். ஒரு தரமாவது தாள எடுத்துப் பாத்திரிக்கணும். வேல குறைஞ்சா காணும் எண்டு உன்ட தலையில போட்டுட்டு இரிந்த."

"நாளைக்குக் கூட்டத்தில நீங்க வாசிச்சுக் காட்டுங்க."

"எனக்கு இந்த எழுத்துத் தெரியல்ல. மங்கிக் கிடக்கு. நீதான் பழகினவ. நீயே வாசி."

"என்னால ஏலா."

"திரைக்குப் பின்னால இரிந்து வாசி. ஆர் உன்ட முகத்தப் பாக்கப் போறாங்க?"

வெள்ளிக்கிழமைகளில் மத்தியானத்தோடு வேலைத்தலங்கள் பூட்டிவிடும். ஜும்ஆத் தொழுகை முடிந்து எங்கள் விறாந்தையில்தான் பிரதிநிதிகளின் கூட்டம். மற்ற ஆறு பேரும் பள்ளிவாசலில் இருக்கும்போதே மெக்கானிக் காரைதீவிலிருந்து சைக்கிளில் வந்துவிடுவார். தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையில் மனக்கசப்பு ஓடிய வருசங்கள் அவை. மூன்று சாவடி தாண்டி வர வேண்டும். ஆனாலும் அவர் ஒரு கூட்டத்துக்கும் தவறியதில்லை. நான் தேத்தண்ணியை வாசல்படியில் வைத்துவிட்டு உள்ளே போவேன். "அக்கா, எடுத்துட்டன்" என்று குரல் கொடுப்பார். எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.

அன்று அந்தப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குசினி வாசல் வழியாக வந்து என்னோடு திரைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஆண்கள் பாய்களில் உட்கார்ந்தார்கள். என் கணவர் சுருக்கமாகச் சொன்னார். "ஒரு பக்கம் விடுபட்டுப் போச்சி. பொம்புளைகள்ர காரியம். உள்ளுக்க இரிந்து வாசிப்பாங்க. கவனமாக் கேளுங்க."

முதல் வரியை வாசித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"மச்சி, கடல் சத்தம் கேக்கிது, உங்கட சத்தம் கேக்கல்ல" என்றார் பேக்கரி மச்சான்.

"பொறு. வாசிக்க விடு" என்றார் மில் பிரதிநிதி.

திரும்ப வாசித்தேன். பிரசவ லீவு வரை ஓடியது. பால் கொடுக்கும் இடம் வந்ததும் நின்றுவிட்டேன். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை அழத் தொடங்கியது. அவள் மடியில் போட்டாள். அது வாய் வைத்துக் குடிக்கும் சத்தம் அந்தச் சின்ன வீட்டில் எல்லோருக்கும் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கடைசி வரிவரை வாசித்தேன்.

முதலில் பேசியவர் மெக்கானிக். "அக்கா, அந்த இடைவேளை வாற இடத்தை ஒருக்காத் திரும்ப வாசியுங்க. மெதுவா. எழுதிக்கொள்றன்."

அவர் கேட்ட விதத்தில் ஒரு கூச்சமும் இல்லை. மெசினில் எந்த ஊசி போடுவது என்று கேட்பது போல இருந்தது. நான் மெதுவாக வாசித்தேன். அவர் எழுதினார்.

"அரை மணித்தியாலம் எண்டும் இரிக்கு, ஒரு மணித்தியாலம் எண்டும் இரிக்கு. எங்கட காமண்டுக்கு எது? புள்ளைகள் வைக்கிற அறை எண்டு ஒரு கதவுல எழுதியிரிக்கு. நான் உள்ளுக்குப் போனதில்ல."

திரைக்குப் பின்னாலிருந்து அவள் முதல் தடவையாக வாய் திறந்தாள். "அறை இரிக்கி அண்ணன். உள்ளுக்க நூல் பெட்டி அடுக்கி வெச்சிரிக்காங்க. ஆள் போக இடமில்ல."

"அப்ப இவ்வளவு நாளா நூல் பெட்டிக்குத்தான் பால் குடுக்கிறாங்களாக்கும்" என்றார் மச்சான்.

திரைக்கு இந்தப் பக்கம் முதலில் சிரித்தது அவள்தான். பிறகு நான். பிறகு விறாந்தை முழுக்க.

மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. "தங்கச்சி, நீங்க உள்ளுக்க இரிக்கிறீங்க எண்டு இப்பதான் தெரியும். அப்ப வயித்து வலி?"

அவள் ஏப்பம் விடப் பிள்ளையைத் தோளில் போட்டாள்.

"சரி. விளங்கிச்சு." கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். "முந்திச் சொன்னத மாத்தினா அவங்க அதத்தான் பிடிப்பாங்க. அதால முதல்ல நான் கதைக்கிறன். இந்தச் சட்டம் எனக்குத் தெரியாது, அதால ஒருத்தருக்கும் நான் சொல்லல்ல, அது என்ட பிழை எண்டு சொல்றன். பிரதிநிதிக்கே தெரியாத உரிமைய ஒரு தொழிலாளி எப்பிடிக் கேப்பா எண்டு கேக்கிறன். மறுகா நீங்க உள்ளதச் சொல்லுங்க."

என்னால் இருக்க முடியவில்லை. "அது உங்கட பிழையில்ல தம்பி" என்றேன். "நான்தான் எழுதாம விட்ட. வேணுமெண்டுதான் விட்ட."

ஆண்கள் முன்னால் நானாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

"தெரியும் அக்கா" என்றார். "இலக்கம் மூணு எண்டு போட்ட பக்கத்தில நாலை அழிச்ச அடையாளம் இரிந்திச்சு. கேக்கோணும் எண்டு நினைச்சன். செயலாளர்ட பொம்புளைகிட்ட என்னெண்டு கேக்கிற எண்டு நானும் விட்டுட்டன். அப்ப எனக்கும் பங்கிருக்குத்தானே."

மச்சானின் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டிருந்தேன். வரப்போகும் கேலிக்காக. அவர் தொண்டையைச் செருமினார். "மச்சி, ஏழு பேரும் சட்டம் படிச்சம் எண்டு நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிஞ்சம். நாங்க படிச்சது நீங்க பாத்துத் தந்த மட்டும்தான். இனி எல்லாத்தையும் எழுதுங்க. எனக்கு வெக்கம் வந்தா நான் கண்ண மூடிக்கிட்டு வாசிக்கிறன்."

"கண்ண மூடிக்கிட்டு வாசிக்கிற ஆள்தான் இவன்" என்றார் மில் பிரதிநிதி. "போன கொப்பியத் தலைகீழாப் பிடிச்சிருந்தத நான் பாத்த."

பிறகு அவரே, குரலைத் தாழ்த்தி, மில்லில் நெல் காயப்போடும் பெண்களில் இரண்டு பேருக்குக் கைப்பிள்ளை இருக்கிறது, இது அவர்களுக்கும் பொருந்துமா என்று கேட்டார். என் கணவர் தனக்குத் தெரியாது, கொழும்புக்கு எழுதிக் கேட்போம் என்றார். தெரியாது என்று அவர் அத்தனை பேர் முன்னால் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

மச்சான் அன்று பேக்கரியிலிருந்து ஒரு பை நிறையப் பணிஸ் கொண்டுவந்திருந்தார். எல்லோரும் சாப்பிட்டார்கள். மெக்கானிக் புறப்படும்போது திரைக்கு வெளியே நின்று, "அக்கா, அந்தப் பக்கத்தை என்ட கொப்பியில எழுதித் தாங்க. பேனாவால கோடு போட்டு, வழக்கமா எழுதுற மாதிரி. அவங்களுக்கு முன்னால வைக்கோணும்" என்றார். நான் உடனே எழுதினேன். இந்த முறை கை ஓடியது. அவர் அரை மணித்தியாலம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் காத்து நின்றார். கொப்பியை வாங்கும்போது தலையை மட்டும் ஆட்டினார். எங்கள் தவறை அவர் தன் தலையில் ஏற்றிக்கொண்டு போனதற்கு நான் அப்போதும் நன்றி சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அந்தப் பெண் என்னை ஏசாததற்கும், என் கணவர் பாதிப் பிழையைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டதற்கும், ஒரு கேலி பேசி என்னைச் சிரிக்க வைத்த மச்சானுக்கும் சொல்லவில்லை. இதைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

மறுநாள் சனிக்கிழமை. விசாரணை ஒன்பது மணிக்கென்று சொல்லிப் பத்தரைக்குத் தொடங்கினார்கள். மெக்கானிக் சொன்னபடியே சொல்லி, அதை எழுத்திலும் கொடுத்தார். அவள் உள்ளதைச் சொன்ன பிறகு, அறையைத் திறந்து காட்டச் சொன்னார். பூட்டுத் திறப்பு ஸ்டோர்க்காரரிடம் இருந்தது, அவர் அன்று லீவு. மூன்று கடிதங்களில் இரண்டைத் திருப்பி எடுத்தார்கள், ஒன்று கோப்பில் இருக்கும் என்றார்கள். திங்கட்கிழமை முதல் காலையில் ஒரு மணித்தியாலமும் பின்னேரம் ஒரு மணித்தியாலமும் வெளியே போகலாம் என்று மெனேஜர் கையெழுத்து வைத்தார். சனிக்கிழமை அரைநாள் வேலை என்பதால் அவள் பன்னிரண்டரைக்கு வீட்டுக்குப் போனாள்.